அப்பா ஏன் தூத்துக்குடியை விட்டு வந்தார்?

எங்கள் வீட்டில் யூடியூப் என்றால் மூன்று கட்சி. எனக்கு பிளவுஸ் கட்டிங். மகனுக்கு பைக், இன்ஜின். அம்மாவுக்கு 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைக்கிறார்களே, அதுதான். 2021-ல் அந்தச் சேனல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டபோது, ஏதோ தன் தம்பி பிள்ளைகள் ஜெயித்த மாதிரி அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை பாதி திரும்பியது. பேச்சு முழுசாகவே திரும்பிவிட்டது. ஆனால் பேசவேண்டும் என்ற ஆசை மட்டும் திரும்பவில்லை. சாப்பிடுறீங்களா என்றால் 'ம்'. வலிக்குதா என்றால் 'ம்ஹூம்'. கூடத்தில் ஈஸி சேரில் சாய்ந்து, டிவி இருக்கும் திசையைப் பார்த்தபடி இருப்பார். டிவியைப் பார்க்கிறாரா, சுவரைப் பார்க்கிறாரா என்றுகூடத் தெரியாது.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். மகன் மதுரையில் பாலிடெக்னிக் படிக்கிறான். டிவியில் ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோ போட்டிருந்தான். ஓர் இளம் கணவன் மனைவி. பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதன் வயிற்றுக்குள் குனிந்து உட்கார்ந்து, புது டீசல் இன்ஜின் பொருத்திக்கொண்டிருந்தார்கள். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னால் இருந்து குரல்.

"அந்தப் பய கேஜ் போட்டுப் பாக்காம போல்ட்ட இறுக்குறான்டா."

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்பா பேசிய முழு வாக்கியம் அது.

மகன் வீடியோவை நிறுத்தினான். "என்ன தாத்தா?"

"ஷாஃப்ட்டு ஒரு பக்கம், இன்ஜின் ஒரு பக்கமா நிக்கிது. இப்பிடியே இறுக்குனா தண்ணியில இறக்குனதும் ஆடும். பாத்துக்கிட்டே இரு."

எங்கள் ஊர் மேலூர். மதுரையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் இருக்கிறது. கடல் பார்க்க வேண்டுமென்றால் தொண்டிப் பக்கம் போக வேண்டும். பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் பெரியாற்றுக் கால்வாய், கண்மாய், கிணறு. கால்வாயில் தண்ணீர் விட்டால் ஒரு போகம். மற்ற நாளெல்லாம் கிணறுதான் கதி. கிணற்றுக்கு இன்ஜின், இன்ஜினுக்கு என் அப்பா.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் பட்டறையில் ஆயில் இன்ஜின்கள் வரிசையில் நிற்கும். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி, வேகம் ஏறியதும் டிகம்ப்ரஷனைத் தட்டிவிட்டால், 'டப்... டப்... டப்டப்டப்' என்று பிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டே, "பம்புல நேரம் தப்பியிருக்கு", "வால்வு உக்காரல" என்று சொல்லிவிடுவார். நெல் கருகுகிறது என்று நடுராத்திரி கதவைத் தட்டுவார்கள். எழுந்து போவார்.

1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. கரண்ட் இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருந்ததால், இன்னும் சில காலம் ஆயில் இன்ஜின் ஓடியது. பிறகு ஒவ்வொன்றாகக் கிணற்று மேட்டிலேயே துருப்பிடித்தது. பட்டறையும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெரிய தொழில்காரர். ஆனால் தொழிலை யாருக்கும் சொல்லித் தரமாட்டார். முக்கியமான வேலை வரும்போது, உடன் நிற்கும் பையனிடம் காசை நீட்டி, "டீ வாங்கிட்டு வாடா" என்பார். பையன் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். மூன்று நான்கு பேர் அப்படி வந்து வருஷக்கணக்கில் டீ வாங்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

எனக்கு டீ வாங்கும் பாக்கியம்கூட இல்லை. பெண் பிள்ளை. மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டு போவேன். நான் வாசலில் நின்றதும், பிரித்துப் போட்ட சாமான்மேல் சாக்கை இழுத்து மூடிவிடுவார். "வச்சிட்டுப் போ தாயி. கிரீஸ் பட்டுரும்." எனக்கு கிரீஸ் படவேண்டும் என்றுதான் ஆசை. பிற்பாடு தையல் மிஷின் வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்றி மாட்டினேன். இன்றுவரை என் மிஷினுக்கு மெக்கானிக் வந்ததில்லை.

அப்பா இளமையில் தூத்துக்குடியில் வேலை பார்த்தவர் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே தோணி என்றால் நம்ம ஊர்ப் பரிசல் மாதிரி இல்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய மரக்கலம். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்துக் கட்டுவார்கள். வெறும் பாயை நம்பி ஓடிய தோணிகளுக்குப் பின்னால் இன்ஜினும் பொருத்தினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பிறப்பதற்கு முன்னால், அப்பா அந்த வேலையில் ஒரு மேஸ்திரிக்குக் கையாளாக இருந்திருக்கிறார். "கடக்காத்து உடம்புக்கு ஆகல. வந்துட்டேன்." இதற்குமேல் அவர் சொன்னதில்லை.

பாய் இருக்கும்போது இன்ஜின் எதற்கு என்று எனக்கும் சந்தேகம் வந்தது. மகன்தான் விளக்கினான். காற்று இல்லாவிட்டால் பாய் வெறும் துணி. துறைமுகத்துக்குள் மற்ற படகுகளுக்கு நடுவே நுழையப் பாய் தோதுப்படாது. படகில் விளக்கு எரியவும் கருவிகள் ஓடவும் பேட்டரி சார்ஜ் ஏற வேண்டும். அதனால் இன்றைக்குப் பெரும்பாலான பாய்மரப் படகுகளில் இன்ஜினும் உண்டு. அதைத் தாங்களே பொருத்தி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் படகு வீடியோதான். அம்மாவின் சமையல் கட்சி தோற்றுப்போனது. லியோ என்ற ஓர் இங்கிலாந்துக்காரர் 'டாலி ஹோ' என்ற படகைப் புதுப்பித்த கதையை வாரக்கணக்கில் பார்த்தோம். 1910-ல் கட்டிய படகு. 1927-ல் புயலுக்கு நடுவே நடந்த ஃபாஸ்ட்நெட் என்ற புகழ்பெற்ற பந்தயத்தில் ஜெயித்தது. பிறகு எங்கோ ஒரு துறைமுகத்தில் மக்கிக் கிடந்தது. 2017-ல் அவர் அதை வாங்கி, அமெரிக்காவில் ஒரு கொட்டகையில் வைத்து, ஏறக்குறைய ஒவ்வொரு கட்டையாக மாற்றினார். எல்லாம் வீடியோவாக வந்தது. பார்க்கிறவர்கள் அனுப்பிய பணமும் அந்த வேலைக்கு உதவியது. 2024-ல் படகு மறுபடி தண்ணீரில் இறங்கியது. நம்ம பக்கத்தில் 'தூத்துக்குடி மீனவன்' சேனல் இருக்கிறது. கடலில் வலை போடுவதிலிருந்து எல்லாம் காட்டுவார்கள். அதைப் போட்டால் அப்பா மீனைப் பார்க்கமாட்டார். "இன்ஜினக் காட்டுறானா பாரு" என்பார்.

ஒரு நாள் மகன் சொன்னான். "தாத்தா, உங்களை வச்சே ஒரு வீடியோ எடுப்போம். ஆயில் இன்ஜின், பம்ப், அலைன்மென்ட்டு... தமிழ்ல இதெல்லாம் ஒழுங்காச் சொல்ல ஆள் இல்ல."

அப்பா முகம் இறுகிவிட்டது. "தொழில ஊருக்கெல்லாம் காட்டிட்டா நாளைக்கு நம்மகிட்ட எவன் வருவான்?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எத்தனை வருஷத்துக் கோபமோ, வந்துவிட்டது. "இப்ப மட்டும் யாருப்பா வர்றாங்க?"

கூடமே அமைதியாகிவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் மறுபடி 'ம்' கூட இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு கஷ்டப்பட்டுத் திறந்த வாயை நானே அடைத்துவிட்டேனே என்று ராத்திரி படுத்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள், அந்தக் கணவன் மனைவியின் அடுத்த வீடியோ வந்தது. மகன் மெதுவாக டிவியில் போட்டான். படகு தண்ணீரில் இருக்கிறது. இன்ஜினைப் போட்டதும் படகே நடுங்குகிறது. மேஜைமேல் இருந்த கோப்பை ஓடி விழுகிறது. அப்பா சொன்ன மாதிரியே!

அப்பா சத்தமாகச் சிரித்தார். "நான் சொன்னேன்ல!"

ஆனால் அதற்கப்புறம் அந்த இளைஞன் கேமராவைப் பார்த்துப் பேசினான். மகன் தமிழில் சொன்னான். "இது எங்கள் தப்புதான். அளந்து பார்க்காமல் இறுக்கிவிட்டோம். நீங்கள் இதைச் செய்யாதீர்கள். இப்போது எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செய்கிறோம்."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "தப்பு பண்ணதையா சொல்றான்? அவனேவா?"

"ஆமா தாத்தா."

"வெட்டிட்டுப் போட்டுருக்கலாம்ல. யாருக்குத் தெரியப் போகுது?"

யாரும் பதில் சொல்லவில்லை. வீடியோ ஓடி முடிந்தது. மகன் ஏதோ வேலையாக எழுந்து போனான். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நான் தூத்துக்குடியிலருந்து உடம்புக்கு ஆகாம வரலத்தா."

அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் தொழில் பழகிய மேஸ்திரியும் டீ வாங்க அனுப்புகிறவர்தான். கப்ளிங் சேர்க்கும் நேரம் வந்தால், "போய் டீ வாங்கிட்டு வா." கிளாண்ட் கட்டும் நேரம் வந்தால், "பீடி வாங்கிட்டு வா." அப்பா கொட்டகை ஓலை இடுக்கு வழியாகப் பார்த்து, பாதி புரிந்து, பாதி ஊகித்து வைத்திருந்தார். ஒருமுறை மேஸ்திரி ஊரில் இல்லாதபோது, ஒரு தோணியின் வேலையைத் தனக்குத் தெரியும் என்று சொல்லி அப்பாவே முடித்திருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். கஷ்டமில்லை, எனக்கே புரிந்தது. இன்ஜின் படகுக்குள் இருக்கிறது. புரொப்பெல்லர் வெளியே தண்ணீரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு நீளத் தண்டு, அதுதான் ஷாஃப்ட். உள்ளே அது இன்ஜினோடு சேரும் இடத்தில் எதிரெதிராக இரண்டு வட்டத் தட்டு. அது கப்ளிங். இரண்டு தட்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். ஷாஃப்ட் படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கிரீஸ் தடவிய கயிற்றைச் சுற்றி அழுத்தி வைப்பார்கள். அதுதான் கிளாண்ட். நம்ம கிணற்று பம்பிலும் இதே கிளாண்ட் கயிறு உண்டு.

கரையில் மேடையில் நிற்கும் படகின் உருவம் வேறு. தண்ணீரில் இறங்கியதும் மரம் நெளிந்து கொடுக்கும். சரக்கு ஏற்றினால் இன்னும் கொஞ்சம். அதனால் கரையில் சரியாக இருந்த கப்ளிங் தண்ணீரில் சரியாக இருக்காது. படகை மிதக்கவிட்டு, ஒன்றிரண்டு நாள் அது நிலைக்கு வந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். இது அப்பாவுக்கு அன்றைக்குத் தெரியாது. அந்த நேரம் அவர் டீக்கடையில் நின்றிருப்பார்.

கரையில் பார்த்ததோடு விட்டுவிட்டார். தோணி இறங்கியது. ஷாஃப்ட் லேசாக ஆடியது. ஆடியதால் கிளாண்டில் தண்ணீர் கூடுதலாகச் சொட்டியது. சொட்டுவது தப்பு என்று நினைத்து, ஒரு சொட்டும் வராத அளவுக்கு இறுக்கிவிட்டார். அந்தக் காலத்துக் கிளாண்ட் லேசாகச் சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் ஷாஃப்ட்டைக் குளிர வைக்கிறது. சொட்டு நின்றால் கயிறு காயும், கருகும்.

சரக்கோடு போன தோணி, துறைமுகம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிளாண்ட் புகைந்து, கயிறு கருகி, தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு, கிளாண்டில் துணியை அடைத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே, பாயை விரித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"பாய் இருந்துச்சு. அதுனால ஆறு உசுரு கரைக்கு வந்துச்சு. நான் ஜெட்டியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். தோணி கிட்ட வர்றதுக்குள்ள கிளம்பிட்டேன். துணிமணிகூட எடுக்கல. ராத்திரி மதுரை பஸ்ஸு."

யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதம் போடவில்லை. தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கப் பிறகு பல வருஷமாயிற்றாம்.

நான் கேட்டேன். "அவரு சொல்லித் தராததாலதான இப்பிடி ஆச்சு? அப்புறம் நீங்களும் ஏம்ப்பா பசங்கள டீ வாங்க அனுப்புனீங்க?"

நெடுநேரம் பேசவில்லை. "தெரியலத்தா. தொழில்னா அப்பிடித்தான்னு நெனச்சுட்டேன்" என்றார். பிறகு, "அந்தத் தகரப் பெட்டிய எடு."

பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு சின்னச் சாமான். மடக்குக் கத்தி மாதிரி, ஆனால் உள்ளே இருபதுக்கு மேல் மெல்லிசுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஃபில்லர் கேஜ். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கை மெக்கானிக்குகள் 'தவு' என்பார்கள். அந்தக் கணக்கில் இடைவெளியை அளக்கிற கருவி. சின்ன வயசில் இந்தச் சாமானின் நிழலைக்கூட நான் பார்த்ததில்லை.

அதைப் பேரனிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். என் கையில் வைத்தார்.

"எங்கை நடுங்குது. அவன் கைக்குப் பதம் தெரியாது. நீ தையக்காரி. நூலு கனம் தெரிஞ்ச கையி."

கொல்லைப்புறக் கொட்டகையில், யாரோ ரிப்பேருக்கு விட்டு எடுக்காமலே போன பழைய இன்ஜினும் பம்பும் ஒரே சட்டத்தில் கிடந்தன. கப்ளிங் மூலம் நேராகச் சேர்க்கிற ரகம். படகில் இருப்பதும் இதே வேலைதான் என்றார் அப்பா. நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டோம். மகன் போனைச் செங்கல்மேல் சாய்த்து வைத்தான்.

இரண்டு தட்டுகளையும் போல்ட் போடாமல் நெருக்கி வைக்க வேண்டும். நடுவில் கேஜ் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். மேலே, கீழே, இடது, வலது என நாலு இடம். நாலிலும் ஒரே தகடு ஒரே இறுக்கத்தில் போய் வர வேண்டும். தட்டின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஒரு தவு வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நாலு அங்குலத் தட்டு என்றால் நாலு தவு. அதாவது ஒரு தலைமுடிக் கனம். கூடினால் இன்ஜின் காலடியில் அட்டைத் தகடு வைத்தோ, நகர்த்தியோ சரிசெய்ய வேண்டும். இறுக்கியதும் மறுபடி அளக்க வேண்டும். ஏனென்றால் இறுக்கும்போதே நகர்ந்துவிடும்.

முதல் நாள் நான் அளந்தது தப்பு. தகட்டைச் சாய்வாக விட்டிருக்கிறேன். மூன்று மணி நேர வேலை வீண். "இதை எடிட்ல தூக்கிரலாம்மா" என்றான் மகன்.

"தூக்காதடா" என்றார் அப்பா. "அந்த வெள்ளக்காரப் பய தூக்குனானா?"

அந்தத் தப்போடுதான் எங்கள் முதல் வீடியோ போனது. நைட்டியோடு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததில் என் கை மட்டும்தான் அதில் தெரியும். முதல் வாரத்தில் பார்த்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பணம் வரவில்லை. ஆனால் மகனோடு படிக்கிற, கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் அதைத் தன் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறான். அவர் வள்ளத்துக்கு டீசல் இன்ஜின் மாற்றியதிலிருந்து ஓயாத நடுக்கமாம். போனில் பேசினார். அப்பா கேட்ட முதல் கேள்வி, "கரையில வச்சுப் பாத்தீகளா, தண்ணியில வச்சுப் பாத்தீகளா?" இரண்டாவது, "கிளாண்டு சொட்டுதா?" அரை மணி நேரம் பேசினார்கள். நாலு நாள் கழித்து, நடுக்கம் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. அப்பா அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

நானும் தேடித் தேடிப் பார்க்கிறேன். நம் கடற்படையின் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் இரண்டே இரண்டு பெண்கள், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பி உலகத்தையே சுற்றிவிட்டு, 2025 மே 29-ம் தேதி திரும்பினார்கள். அந்த வீடியோவை அப்பாவுக்குக் காட்டினேன்.

"நடுக்கடல்ல ஏதாச்சும் மக்கர் பண்ணா யாரு பாத்தாக?"

"படகுல ரெண்டு பேருதானப்பா. அவங்களேதான் பாத்தாகணும்."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அந்தச் சாக்க இழுத்து மூடிருக்க வேண்டாந்தான்."

பட்டறை வாசலில் தூக்குவாளியோடு நின்ற பிள்ளையை அவருக்கும் நினைவிருந்திருக்கிறது! நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒன்றை மட்டும் அப்பா ஒவ்வொரு வீடியோவிலும் சொல்லச் சொல்லுவார். பார்த்தால் மட்டும் வராது, கை வைக்க வேண்டும். வீடியோவில் சொல்கிறவர் எல்லோரும் தெரிந்து சொல்வதில்லை. டீசலும் கரண்டும் சுழல்கிற பெல்ட்டும் விளையாட்டில்லை. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். எங்களுக்கும் அது உண்மைதான். அந்த வெளிநாட்டு வீடியோ எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. கற்றுத் தருகிறவரின் வாயைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை இன்ஜெக்டர் வீடியோ எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அப்பாவிடம் முன்பு வேலை பார்த்தவர். தலை நரைத்துவிட்டது. யாருடைய போனிலோ வீடியோவைப் பார்த்தாராம். "அண்ணன் குரல் மாதிரி இருந்துச்சு. அதான் வந்தேன்" என்று கூச்சத்தோடு ஓரமாக நின்றார்.

அப்பா அவரைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு, தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போடச் சொன்னார். நான் ஸ்பேனரை எடுத்தேன். மகன் போனைச் செங்கலில் சாய்த்தான். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளேயிருந்து, "பால் இல்லையே, யாராச்சும் கடைக்குப் போங்க" என்று குரல் கொடுத்தார். பழக்க தோஷம், அவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

அப்பா நடுங்குகிற கையால் அவர் சட்டையைப் பிடித்தார்.

"நீ உக்காருப்பா. உக்காந்து பாரு. டீ அப்புறம் குடிக்கலாம்."